வேறு வருமானம் இல்லை

என் வாயைப் பற்றி டெப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சம்பளக் கவுண்டரின் கம்பி வலைக்குப் பின்னால் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசுவது ஷெட்டில் டயர் கழற்றுகிறவருக்கும் கேட்கும். கவுண்டருக்கு வருகிறவர்களை நாலு வார்த்தை சீண்டாமல் அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. "அக்கா லீவு போட்டா சம்பள நாளே சப்புன்னு இருக்கு" என்று டிரைவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. அந்தப் பெருமை எப்படி மண்ணாய்ப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிமிஷம் சாரைப் பற்றிச் சொல்வதென்றால் இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

நிமிஷம் சார் எங்கள் டைம் கீப்பர். வாசல் கேட்டை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு நீளமான ரெஜிஸ்டர், சுவரில் ஒரு கடிகாரம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதுவது அவர் வேலை. மூன்று நிமிடம் தாண்டினால் சிவப்பு மை. மாதத்தில் ஐந்து சிவப்பு விழுந்தால் சம்பளத்தில் ஒரு நாள் காலி. "சார், ஒரே ஒரு நிமிஷம்தானே சார்" என்று கெஞ்சாத டிரைவர் கிடையாது. அப்படிக் கெஞ்சிக் கெஞ்சியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் யாரையும் திட்டமாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், பேனாவை மாற்றுவார், எழுதுவார். ஆறடி உயரம், தேய்த்த சட்டை, சிரிக்காத முகம். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரை டிரைவர்களுக்குப் பிடிக்குமா? கரித்துக் கொட்டினார்கள்.

சம்பளம் பேங்குக்குப் போனாலும் சம்பளச் சீட்டுக்குக் கையெழுத்துப் போட எல்லாரும் என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். அவருடைய பதவிக்கு நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடலாம். வரமாட்டார். வரிசையில்தான் நிற்பார்.

போன வருடத் தொடக்கத்தில், முதல் சம்பள நாள் அன்று, அவர் சம்பளச் சீட்டோடு ஒரு படிவத்தையும் மடித்து வலைக்கு அடியில் தள்ளினார். பிரித்துப் பார்த்தேன். சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்லும் படிவம். மாதாமாதம் இவ்வளவு கூடுதலாகப் பிடியுங்கள் என்று தொகை எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பதினேழு வருடத்தில் அந்தப் படிவத்தை நான் கண்ணால் கண்டதே நாலைந்து முறைதான். வரியைக் குறைங்க என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டுங்க என்று யார் வருவார்கள்? எனக்குக் குஷி தாங்கவில்லை. வாய் திறந்துவிட்டது.

"என்ன சார் இது அதிசயம்! ஊரே வரியக் குறைக்கச் சொல்லிக் கத்துது, நீங்க கூட்டச் சொல்றீங்க! வெளிய எங்கயோ கொட்டோ கொட்டுன்னு கொட்டுது போலிருக்கே! எங்கன்னு சொன்னா நாங்களும் வருவோம்ல?"

வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பினார்கள். அவருக்குப் பின்னாலேயே நின்ற டிரைவருக்கு ஹாரன் என்று பெயர், அவன் தொண்டை அப்படி. அந்த மாதம் அவனுக்கு ஆறு சிவப்பு. விடுவானா?

"அக்கா, உனக்கு விஷயமே தெரியாதா? நம்மகிட்ட பிடிக்கிற லேட் பணமெல்லாம் அங்கதான் போகுது!"

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன், மேசையைத் தட்டிச் சிரித்தேன். இதையெல்லாம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

நிமிஷம் சார் கையை நீட்டி அந்தப் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துட்டு வந்துட்டேம்மா" என்றார்.

அதோடு விட்டேனா? வருடத் தொடக்கத்தில் எல்லாரிடமும் வாங்கும் உறுதிமொழிச் சீட்டு ஒன்று உண்டு. 'இந்தச் சம்பளம் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை' என்று அச்சடித்திருக்கும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதை எடுத்து நீட்டினேன். "அப்ப இதுல ஒரு கையெழுத்தப் போடுங்க சார், பஞ்சாயத்து முடிஞ்சுது." ஒரு நாளைக்கு நூறு தடவை கையெழுத்துப் போடுகிறவர், பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போட்டார். போகும்போது என் மேசைக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார்.

கண்ணாடிக்கு அடியில் என் மகள் படம் இருந்தது. அதற்கு முந்தின வருடம், அவளுக்கு நாலு வயதில், கடைவீதிப் பொம்மைக் கடை வாசலில் எடுத்தது. கடை விளம்பரத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒருவர் கரடி வேஷத்தில் நிற்பார். அந்தக் கரடி முட்டி போட்டு உட்கார்ந்திருக்க, என் மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவாள். நிமிஷம் சார் மாதாமாதம் கையெழுத்துப் போடும்போது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லா இருக்கா?" என்று கேட்பார். வேறு யாரையும் எதையும் கேட்காத மனிதர் இதை மட்டும் ஏன் கேட்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த வருடம் எட்டாவது மாதம். வரி அலுவலகத்திலிருந்து சம்பளப் பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் ஊழியர் இன்னார், பொம்மைக் கடை ஒன்றில் இரண்டு வருடத்துக்கு மேலாக வருமானம் பெற்றிருக்கிறார். ஆனால் வேறு வருமானம் இல்லை என்று உங்களிடம் உறுதிமொழி கொடுத்திருக்கிறார். தவணை தவறியதற்கான அபராதம் ஏற்கெனவே விதிக்கப்பட்டுவிட்டது. உறுதிமொழி தெரிந்தே பொய்யாகக் கொடுக்கப்பட்டதா என்பதைப் பதினைந்து நாளில் தெரிவிக்கவும். கீழே கடையின் பெயர், அவர் செய்யும் வேலை: 'கரடி வேடம் அணிந்து விளம்பரம் செய்தல்.'

படித்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நிமிஷம் சார் கரடியா! அந்த ஆறடி விறைப்பு கரடித் தோலுக்குள் குதிப்பதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. சிரித்தபடியே குனிந்தேன். கண்ணாடிக்கு அடியில் கரடி என்னைப் பார்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஞாபகம் வந்தது. நல்ல வெயில். மகள் கரடியை விடவே இல்லை. "அம்மா, கரடிக்கு வேர்க்குதும்மா" என்றாள். கரடித் தலைக்கு அடியிலிருந்து வியர்வை சொட்டி அவள் கையில் விழுந்திருந்தது. நான் அவளைப் பிடித்து இழுத்தேன். "சீ, கண்டவன் வேர்வை! கையத் தொடச்சுக்கோ முதல்ல!" என்றேன். என் தொண்டைதான் தெரியுமே. கரடி அசையாமல் முட்டி போட்டபடியே இருந்தது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் நான் அந்தப் படத்தைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். மாதாமாதம் அவர் கண்ணில் படும்படி வைத்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இங்கே வரி விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே என் வேலைதான், அதனால் இது எனக்கு இன்னும் கேவலம். டெப்போ சம்பளத்துக்கு நாங்கள் மாதாமாதம் வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறோம். பொம்மைக் கடை அப்படிச் செய்யாது, கூலியை முழுசாகக் கையில் கொடுத்துவிடும். அந்தக் கூலிக்கான வரியை அவரே மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக, வருடத்தில் நாலு தவணை கட்ட வேண்டும். இல்லையென்றால், டெப்போ சம்பளத்தில் அதையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லலாம். வருடக் கடைசியில் மொத்தமாக ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டினாலும் செல்லாது. கட்டியது சரி, நேரத்துக்குக் கட்டவில்லையே என்று அபராதம் போடுவார்கள். முதல் வருடம் மட்டும் அவர் தப்பித்திருந்தார். அதற்கு முந்தின வருட வரி எவ்வளவோ அந்த அளவுக்கு வருடத்துக்குள்ளேயே கட்டியிருந்தால் அபராதம் இல்லை என்று ஒரு சலுகை உண்டு, சம்பளப் பிடித்தமே அதற்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் வருடம் அந்தச் சலுகை எட்டாது என்று தெரிந்துதான் முன்கூட்டியே படிவத்தோடு என்னிடம் வந்தார். சரியான நாளில் சரியான படிவம். துரத்திவிட்டது நான்.

கடிதத்தை மேனேஜரிடம் காட்டினேன். "உனக்கெதுக்கும்மா வம்பு? ஊழியர் எதையும் தெரிவிக்கலைன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடு" என்றார்.

எழுதினேன். பொய் சொல்லி நல்ல பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் சொல்கிறேன். 'ஊழியர் வேறு வருமானம் எதையும் எங்களிடம் தெரிவிக்கவில்லை' என்று தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்தும் போட்டேன். தாளின்படி பார்த்தால் அது உண்மைதான். என் மேல் ஒரு தூசு ஒட்டாது. இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் சம்பள நாள். வழக்கம்போல வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். "பாப்பா நல்லா இருக்கா?"

அந்தக் கடிதம் அவர் முழங்கைக்கு நேர் கீழே இழுப்பறையில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். "என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?" என்று யாரோ கேட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பஸ்கள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து வரி அலுவலகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கேட் அறைக்குப் போனேன். படித்தார். மடித்தார். முகம் செத்துப்போனது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"மேனேஜருக்கும் எனக்கும்தான் சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "வீட்ல அவளுக்கு ஒரு கண்ணு போயிடுச்சும்மா. இன்னொரு கண்ணுக்கு மாசம் ஒரு ஊசி போடணும். கண்ணுக்குள்ளயே போடற ஊசி. சம்பளம் பத்தல. கடையில சரக்கு எண்ணற வேலைன்னுதான் அவகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். வரிப் பணத்த நான் தொடவே இல்லம்மா. மாசாமாசம் கவர்ல போட்டு வச்சு, வருஷக் கடைசியில மொத்தமாக் கட்டினேன். லேட்டுன்னு அபராதம் போட்டுட்டாங்க. அதக் கட்டினதுல ஒரு ஊசி தள்ளிப் போச்சு."

"தவணையா நீங்களே போய்க் கட்டியிருக்கலாமே சார்?"

"அங்க போனா என்ன தொழில்னு கேப்பாங்க. வரிசையில ஆளுங்க நிப்பாங்க." நிறுத்தினார். "ஒரு எடத்துல பட்டது போதும்னு இருந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் உறுதிமொழிக்கான அபராதம் வேறு, அது பல மடங்கு. அது விழுந்தால் அரை வருட ஊசி போய்விடும். அந்த ஒரு வரிக் கடிதம் போயிருந்தால் அந்த அம்மாவின் கண் என் கணக்கில்தான் வந்திருக்கும்.

"தப்பு என்னுதுதான் சார். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ரெஜிஸ்டரைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "அன்னைக்கு இருபது பேர் இருந்தாங்கம்மா. இங்க நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்."

ஒரு பஸ் உள்ளே வந்தது. அவர் எழுதப் போய்விட்டார். ஊர் அறிய மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று ஊர் கேட்குமே. கரடியைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? யோசித்துக்கொண்டே கவுண்டருக்கு வந்து, முதல் வேலையாக அந்த ஒரு வரிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். இந்த ஊழியர் போன வருடம் முதல் சம்பள நாளிலேயே கூடுதல் பிடித்தத்துக்கான படிவத்தைக் கொண்டுவந்தார். சம்பளப் பிரிவில் இருந்த நான் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேலி செய்தேன். அவர் கூச்சப்பட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். உறுதிமொழிச் சீட்டை அவரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கியதும் நான்தான். மேனேஜர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறியே." ஆனாலும் அனுப்பினார். எனக்கு ஒரு மெமோ வந்தது, அந்த வருட ஊதிய உயர்வு நின்றது. அவருக்கு, அனுமதி வாங்காமல் வெளிவேலை பார்த்ததற்கு ஒரு எச்சரிக்கையும், இனிமேல் பார்த்துக்கொள்ள அனுமதியும். பெரிய அபராதத்தை வரி அலுவலகம் கைவிட்டது. தவணை அபராதம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாதாம். தள்ளிப்போன ஊசி தள்ளிப்போனதுதான்.

அடுத்த சம்பள நாளுக்கு முன்னால் அவரிடம் போய் ஒன்று சொன்னேன். இந்த வருடத் தவணைகளும் தவறிவிட்டன, ஆனால் இன்னும் வழி இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த வரி எந்த மாதம் பிடித்ததானாலும் வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் மாதங்களில் சேர்த்துப் பிடித்துவிட்டால் அபராதம் வராது. "படிவத்த இங்கயே குடுங்க சார், நானே எடுத்துட்டுப் போறேன். கவுண்டருக்கு வர வேண்டாம்."

"வரிசையிலயே வர்றேம்மா" என்றார்.

வந்தார். சம்பளச் சீட்டும் படிவமும் வலைக்கு அடியில் வந்தன. பின்னால் கழுத்தை நீட்டிப் பார்த்தது யார் என்கிறீர்கள், ஹாரன்தான். "அக்கா! சார் மறுபடியும் வரியக் கூட்டச் சொல்றாரு டோய்!"

நான் எழுந்து நின்றேன். "ஹாரன், வாய மூடு. எல்லாரும் கேட்டுக்கோங்க. போன வருஷம் சார் கொண்டு வந்தது சரியான படிவம். கட்ட வேண்டியத ஒழுங்காக் கட்டணும்னு வந்தாரு. நான்தான் கிண்டல் பண்ணித் திருப்பி அனுப்பினேன். அதுல அவருக்கு அபராதம் விழுந்துச்சு. தப்பு முழுக்க என்னுது. சார், மன்னிச்சிடுங்க."

கரடியைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன் என்று மூச்சு விட்டேன். அவர் படிவத்தை என் கையிலிருந்து திரும்ப வாங்கினார். காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார். பிறகு ஹாரன் பக்கம் திரும்பி, பஸ் நேரத்தைப் படிக்கிற அதே குரலில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை கடைவீதிப் பொம்மைக் கடையில கரடி வேஷம் போடறேன். அதுல வர்ற வருமானம். மறைச்சதுக்கு அபராதம் கட்டியாச்சு. இன்னொரு தடவை கட்ட எங்கிட்ட காசில்ல."

யாரோ கெக்கென்று சிரித்தான். அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது. திருந்திவிட்டார்கள், கண்கலங்கினார்கள் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். சிரித்தார்கள். அவர் அந்தச் சிரிப்புக்கு நடுவில் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நேராக நடந்து கேட் அறைக்குப் போனார். அன்று சாயங்காலம் ஹாரனுக்கு நாலு நிமிடம் தாமதம். சிவப்பு.

இப்போது அவரை யாரும் நிமிஷம் என்று கூப்பிடுவதில்லை. கரடி என்கிறார்கள். "கரடி இருக்காரா?" "கரடிகிட்ட சிவப்பு வாங்கினேன்." என் ஜன்னலில் நின்று யாராவது அப்படிச் சொல்லும்போது காது சுடும். நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாய் வரும். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? குனிந்து சீட்டை எண்ணுவேன். இப்போதெல்லாம் கவுண்டரில் நான் மெல்லத்தான் பேசுகிறேன். உடம்புக்கு முடியலையா என்று கேட்கிறார்கள்.

மகள் படத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். அவர் முகத்துக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அடுத்த மாதம் கையெழுத்துப் போட வந்தவர் கண்ணாடியைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"படம் எங்கம்மா?"

"எடுத்துட்டேன் சார்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அன்னைக்குக் கடை வாசல்ல நான் சொன்னது... உங்க காதுல விழுந்திருக்கும்."

"விழுந்துது" என்றார். பேனாவை மூடினார். பின்னால் வரிசை நின்றது. "எடுத்த எடத்துலயே வைங்கம்மா. வீட்ல இப்ப எல்லாம் சொல்லிட்டேன். கரடியப் பாக்கணும்னு அவ கேக்கறா. வெயில்ல கடைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒருநாள் இங்க கூட்டிட்டு வந்து இந்தப் படத்தக் காட்டறேன்."

இழுப்பறையைத் திறந்து படத்தை எடுத்தேன். துடைத்தேன். கண்ணாடியைத் தூக்கி, அவர் பார்க்கும் பக்கமாகத் திருப்பி வைத்தேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்போது அது தலைகீழாகத்தான் தெரிகிறது. அந்த அம்மா இன்னும் வரவில்லை. சம்பள நாளுக்குச் சம்பள நாள் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.